முத்துலட்சுமியில் எத்தனை எழுத்து?

போன வருஷம் எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு சின்ன வலைத்தளம் எழுதிக் கொடுத்தேன். காசுக்கு இல்லை, சாயங்கால வேளைகளில் சும்மா செய்தது. உறுப்பினர் பதிவு, புத்தகப் பட்டியல், தேடல், உறுப்பினர் அட்டை அச்சடிக்க ஒரு பக்கம், அவ்வளவுதான். அட்டையில் பெயருக்கு இடம் குறுகல். அதனால் பெயரில் முதல் 12 எழுத்தை மட்டும் எடுத்துக்கொள் என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி போட்டிருந்தேன். நாலைந்து ஆங்கிலப் பெயர்களைக் கொடுத்துப் பார்த்தேன். சரியாக வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டை கொடுத்த அன்று முத்துலட்சுமி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். (பெயரை மாற்றியிருக்கிறேன். சிக்கலை மாற்றவில்லை.) தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, இதுல 'மி'யைக் காணோமே. 'ம'ன்னு மொட்டையா நிக்குது."

பார்த்தேன். அட்டையில் "முத்துலட்சும" என்று இருந்தது.

"இடம் பத்தாம வெட்டிருச்சு டீச்சர். 12 எழுத்துதான் வரும்."

"எம் பேர்ல ஏழு எழுத்துதானே இருக்கு?" விரல் விட்டு எண்ணினார். மு, த், து, ல, ட், சு, மி. "மூணாங்கிளாஸ் புள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே."

எனக்குப் பதில் இல்லை. ஏழெழுத்துப் பெயர் 12 கட்டத்தில் அடங்கவில்லை என்று ஒரு தமிழாசிரியையிடம் எப்படிச் சொல்வது? அதிலும் தன் பெயரே தப்பாக அச்சாகிக் கையில் இருக்கும்போது. அன்று ராத்திரி உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திருத்தினேன். திருத்தத் திருத்த அதே தப்பு தேடலிலும் வரிசையிலும் படிவத்திலும் வேறு வேறு வேஷத்தில் இருப்பது தெரிந்தது. அப்போது எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நிரல் துண்டு எதையும் ஒட்டப்போவதில்லை. செயற்கூறுகளின் பெயரைத் தமிழிலேயே எழுதுகிறேன், வாய்விட்டுப் படித்தால் எது என்று தெரிந்துவிடும்.

முதலில், கணினி அந்தப் பெயரை எப்படிப் பார்க்கிறது என்று பார்ப்போம்.

யூனிகோடில் தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு தொகுதி இருக்கிறது. பத்தடிமான எண்ணில் சொன்னால் 2944 முதல் 3071 வரை. க-வுக்கு 2965. புள்ளிக்கு 3021. கால், கொம்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியெண். ஆனால் 'கு' என்ற எழுத்துக்கென்று ஒரு எண் கிடையாது. 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று, இரண்டும் அடுத்தடுத்து வந்தால் திரையில் 'கு' என்று சேர்த்துக் காட்டுவது எழுத்துருவின் பொறுப்பு.

இதில் ஒரு வேடிக்கை. நம் இலக்கணத்தில் க் என்ற மெய்தான் அடிப்படை. அதோடு அ சேர்ந்தால் க. யூனிகோடில் கதை தலைகீழ். அங்கே க-தான் அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால்தான் க். அதாவது இலக்கணப்படி எளிமையான எழுத்துக்குக் கணினியில் இரண்டு குறியெண், கூட்டெழுத்தான க-வுக்கு ஒன்று. இது தமிழுக்கென்று யோசித்து வந்ததல்ல. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட இஸ்கி என்ற பழைய தரத்தின் அமைப்பை யூனிகோட் எடுத்துக்கொண்டது. நாம் இன்றுவரை அனுபவிக்கும் பாதிச் சங்கடம் இந்தத் தலைகீழ் ஏற்பாட்டில் இருந்து வருகிறது. கீழே தேடல் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

இப்போது எண்ணுவோம். முத்துலட்சுமி: ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி, ல, ட, புள்ளி, ச, உகரக் குறி, ம, இகரக் குறி. மொத்தம் 13. ஜாவாஸ்கிரிப்டில் 'லெங்த்' கேட்டால் 13 என்று சொல்லும். முதல் 12-ஐ எடுத்தால் கடைசி இகரக் குறி மட்டும் வெளியே விழும். டீச்சரின் 'மி' அப்படித்தான் 'ம' ஆனது.

இதே பெயரை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 39 பைட். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் அதில் 3 பைட் எடுக்கும். ஆக ஒரே பெயருக்கு மூன்று கணக்கு: டீச்சருக்கு 7, நிரலுக்கு 13, வட்டுக்கு 39. மூன்றும் சரிதான். எந்த வேலைக்கு எந்தக் கணக்கு என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

"247 எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று கேட்கத் தோன்றும். அப்படி ஒரு முறை இருக்கிறது, டேஸ்-16 என்று பெயர். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது இதையும் மாற்று முறையாக ஏற்றது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அச்சுப் பணிக்குச் சரி, வலைத்தளத்துக்கு ஆகாது. அதனால் இருப்பதை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

வெட்டுவது

ஒவ்வொரு மொழியும் "எழுத்து" என்று சொல்லும்போது வேறு எதையோ நினைக்கிறது. பிஎச்பி-யில் 'சப்ஸ்டிரிங்' வேலைக்கான பழைய 'சப்ஸ்ட்ர்' பைட்டை எண்ணும். தமிழில் அது ஒரு குறியெண்ணின் நடுவயிற்றிலேயே வெட்டிவிடும். திரையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். அது கண்ணுக்குத் தெரிவதால் பரவாயில்லை. அந்த உடைந்த சரத்தை ஜேசான் ஆக்கப் போனால் 'ஜேசான்-என்கோட்' சத்தமில்லாமல் 'ஃபால்ஸ்' என்று திருப்பித் தரும், முழுப் பக்கமும் வெற்றாக வரும். 'எம்பி-சப்ஸ்ட்ர்' என்பதற்கு மாறினால் குறியெண்ணை எண்ணும், உடையாது, ஆனால் 'மி'யை 'ம' ஆக்கும். சரியான ஆள் 'கிராஃபீம்-சப்ஸ்ட்ர்', இன்ட்டில் நீட்சியோடு வருகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் பலர் சரத்தை மூன்று புள்ளி போட்டு விரித்து அணியாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது இமோஜிக்கு ஓரளவு உதவும். தமிழுக்கு ஒன்றும் செய்யாது, அதே 13 தான் வரும். "தமிழ்" என்பதை அப்படி விரித்துத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். புள்ளி முதலில் வந்து, தொற்றிக்கொள்ள எழுத்து இல்லாமல் ஒரு புள்ளி வட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். பின்னால் 'ழிமத' என்று வரும். தலைப்பை எழுத்து எழுத்தாகப் பறக்கவிடும் அசைவூட்டங்கள் தமிழில் அலங்கோலமாவதும் இதனால்தான். ஒவ்வொரு குறியெண்ணையும் தனி 'ஸ்பான்' ஆக்கினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

வேண்டியது 'இன்ட்டில்.செக்மென்டர்'. மொழி தமிழ், அலகு 'கிராஃபீம்' என்று சொல்லி ஒன்றை உருவாக்கி, சரத்தைக் கொடுத்தால் மு, த், து, ல, ட், சு, மி என்று டீச்சர் விரல் விட்டு எண்ணியதைப் போலவே துண்டு துண்டாகத் தரும். குரோமில் 2020-இலும் சஃபாரியில் 2021-இலும் வந்தது. ஃபயர்பாக்ஸ் மட்டும் 2024 வரை இழுத்தடித்தது. அதைவிடப் பழைய உலாவிகளுக்கும் வேண்டுமென்றால் ஒரு ஒழுங்குக்கோவை போதும்: 'மார்க்' வகையைச் சேராத ஒரு குறியெண், அதன் பின்னால் 'மார்க்' வகையில் எத்தனை வந்தாலும் அத்தனையும். இதற்கு யூ கொடி அவசியம். பைத்தான்காரர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. அதில் 'கெட்-லெட்டர்ஸ்' என்ற செயற்கூறு இதே வேலையைச் செய்கிறது. ஸ்விஃப்ட் எழுதுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அங்கே 'கவுன்ட்' கேட்டாலே 7 என்று வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் நான் வெட்டியிருக்கவே கூடாது. எழுத்து எண்ணிக்கைக்கும் தாளில் பிடிக்கும் அகலத்துக்கும் தமிழில் சம்பந்தமே இல்லை. 'ணௌ' பிடிக்கும் இடத்தில் 'ர' மூன்று நிற்கும். இடத்துக்கு ஏற்ப வெட்டும் வேலையைச் சிஎஸ்எஸ்-இடம் விட்டுவிட வேண்டும். 'டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ'வுக்கு 'எலிப்சிஸ்' என்று கொடுத்தால் உலாவி அகலத்தை அளந்து, முழு எழுத்தாகப் பார்த்து நிறுத்தும். நீளமான சொல் கைபேசியில் பெட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 'ஓவர்ஃப்ளோ-ராப்' கொடுத்தால் போதும். செக்மென்டர் தேவைப்படுவது உலாவி இல்லாத இடங்களில்: பிடிஎஃப் உருவாக்கம், குறுஞ்செய்தி, படத்தின்மேல் பெயர் எழுதுவது.

எவ்வளவு இடம் ஒதுக்குவது

படிவத்தில் 'மேக்ஸ்லெங்த்' 20 என்று போட்டால் அது 20 தமிழெழுத்து அல்ல. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் கணக்குத்தான் அங்கேயும். கிரந்தக் கூட்டெழுத்துகளான க்ஷ வரிசையையும் ஸ்ரீ-யையும் தள்ளிவிட்டால், ஒழுங்காகச் சேமித்த எந்தத் தமிழெழுத்தும் இரண்டு குறியெண்ணுக்கு மேல் போகாது. அதனால் இரட்டிப்பு என்று வைத்துக்கொண்டால் போதும். 30 எழுத்துக்கு இடம் வேண்டுமென்றால் 60. பைட் கணக்கு பார்க்கும் தரவுத்தளம் என்றால் ஆறு மடங்கு, 180. மைஎஸ்க்யூஎல்லில் 'வார்சார்' குறியெண்ணை எண்ணும். ஆரக்கிளில் 'வார்சார்2' வேறு எதுவும் சொல்லாவிட்டால் பைட்டை எண்ணும். ஆங்கிலப் பெயருக்கு 30 போட்ட அட்டவணை அங்கே முத்துலட்சுமியிடம் பிழை காட்டி நின்றுவிடும்.

எஸ்க்யூஎல் சர்வர் இன்னும் மோசமான வழியில் தோற்கும். 'வார்சார்' பத்தியில் தமிழைப் போட்டால் பொதுவாகப் பிழை எதுவும் வராது. வெறும் கேள்விக்குறி வரிசையாகச் சேமித்துக்கொள்ளும். பத்தி 'என்வார்சார்' ஆக இருக்க வேண்டும், வினவலில் தமிழ்ச் சரத்தின் முன்னால் என் என்ற எழுத்தும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் கேள்விக்குறிதான். கேள்விக்குறி ஆனது ஆனதுதான், திரும்ப எடுக்க வழியே கிடையாது. எழுத்துரு மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முகவரியில் தமிழ் போகும்போது ஒவ்வொரு குறியெண்ணும் ஒன்பது இடம் பிடிக்கும், மூன்று பைட்டுக்கும் விழுக்காட்டுக் குறியோடு மும்மூன்று. "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல் 45 இடம். தலைப்பு முழுவதையும் முகவரியில் திணிக்கும்போது இதை நினைவில் வைத்தால் நல்லது. குறுஞ்செய்தியிலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 என்றால் தமிழில் 70 குறியெண். கட்டணம் இரட்டிப்பானது ஏன் என்று கணக்கு எழுதுகிறவர் கேட்டபோதுதான் நானே இதைத் தெரிந்துகொண்டேன்.

பெயரைச் சரிபார்ப்பது

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் வெட்கக்கேடு. படிவத்தில் பெயர் "எழுத்தால் மட்டும்" ஆனதா என்று பார்க்க முதலில் ஏ முதல் இசட் வரை என்று எழுதியிருந்தேன். தமிழ்ப் பெயர் எதுவும் உள்ளே போகவில்லை. சரி என்று யூனிகோடின் 'லெட்டர்' வகை என்று மாற்றினேன். அப்பவும் போகவில்லை. காரணம், காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோட் பார்வையில் 'லெட்டர்' அல்ல, 'மார்க்'. 'ஜனக' என்று யாராவது வந்திருந்தால் அவருக்கு மட்டும் கதவு திறந்திருக்கும். லெட்டர், மார்க் இரண்டையும் சேர்த்து, கூடவே இடைவெளியும் தலைப்பெழுத்துக்கான முற்றுப்புள்ளியும் சேர்த்த பிறகுதான் மனிதர்கள் உள்ளே வந்தார்கள்.

பைத்தானில் இதே கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. சொற்களைப் பிரிக்கப் பின்சாய்கோட்டு டபிள்யூ போடுவது எல்லோருக்கும் பழக்கம். அதன் உள்ளமைந்த 'ஆர்இ' கூறில் "தமிழ்" என்பதைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு சொல்லாகத் தரும். சொல்லடைவு, சொல் எண்ணிக்கை என்று செய்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் நாள் கணக்கில் குப்பையை எண்ணிக்கொண்டிருக்கலாம். தனியாக நிறுவும் 'ரெஜெக்ஸ்' கூறில் பின்சாய்கோட்டு பெரிய எக்ஸ் முழு எழுத்தைப் பிடித்துத் தரும். இப்போதெல்லாம் பெயருக்குச் சரிபார்ப்பே வைப்பதில்லை, காலியாக இல்லாமல் இருந்தால் சரி என்று விட்டுவிடுகிறேன்.

தேடல்

அட்டை விஷயம் ஓய்ந்த மறுவாரம் டீச்சரே திரும்ப வந்தார். "பொன்னியின் செல்வன் இல்லாத படிப்பகமா தம்பி இது?" அலமாரியில் ஐந்து பாகமும் இருக்கிறது. பட்டியலிலும் இருக்கிறது. தேடினால் மட்டும் இல்லை என்கிறது.

'பொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ப-வும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியெண். இல்லாவிட்டால் ப, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைட் பைட்டாக ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. எங்கள் பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்த எக்செல் கோப்பில் இருந்து மாற்றியது. மாற்றிக் கொடுத்த நிரல் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தது. டீச்சரின் கைபேசி விசைப்பலகை இரண்டாக அனுப்பியது. பழைய மேக் கணினிகளில் இருந்து பதிவேற்றும் கோப்புப் பெயர்களிலும் இதே பிரிவினை வரும். 'கோவில்' படம் சர்வரில் இருந்தும் கிடைக்காமல் போவது அதனால்தான்.

இதற்கு மருந்து சரத்துக்குரிய 'நார்மலைஸ்' செயற்கூறு, வடிவம் என்எஃப்சி. சேமிக்கும்போது ஒரு முறை, தேடல் சொல் வரும்போது ஒரு முறை. இரண்டு பக்கமும் செய்யாவிட்டால் பாதி வியாதி அப்படியே இருக்கும்.

ஆனால் நார்மலைஸ் எல்லாவற்றையும் சரிசெய்யாது, இங்கேதான் தமிழ் தெரிந்தவர் வேண்டும். 'கௌரி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கெளரி' என்று கொம்பும் ளகரமுமாக இணையம் முழுக்கக் கிடக்கிறது. 'ஔவை'யை 'ஒளவை' என்று எழுதுவதும் அப்படியே. யூனிகோடுக்கு இவை வேறு வேறு சொற்கள், அதன் பார்வையில் அது சரியும்கூட. கொம்புக்குப் பின்னால் ள வந்தால் ஔகாரம் ஆக்கிவிடு என்று எழுதினால் 'தெளிவு' கெட்டுப்போகும், 'கெளுத்தி' மீனும் போய்விடும். கொஞ்சம் யோசித்தால் வழி இருக்கிறது. அந்த ள-வுக்குப் பின்னால் எந்தக் குறியும் இல்லாமல் மொட்டையாக நின்றால் மட்டும் மாற்றலாம். தெளிவில் ளி, கெளுத்தியில் ளு, தெள்ளியதில் ள். மூன்றும் தப்பித்துவிடும். 'வெளக்கு' என்று பேச்சு வழக்கில் எழுதியது மட்டும் மாட்டும். அதனால் இந்த மாற்றத்தை மூலச் சொல்லில் செய்யக் கூடாது. தேடலுக்கென்று தனியாக ஒரு பத்தி வைத்து அதில் மட்டும் செய்ய வேண்டும். தேடும் சொல்லிலும் அதே மாற்றத்தைச் செய்வதால் 'வெளக்கு' தேடினால் 'வெளக்கு' கிடைத்துவிடும்.

ஸ்ரீ இன்னொரு இரட்டைப் பிறவி. ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இதையும் தேடல் பத்தியில் ஒன்றாக்கிவிடுங்கள். அதே பத்தியில் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இணைப்பான், பிரிப்பான் குறிகளையும் நீக்குங்கள். மூலத்தில் நீக்காதீர்கள். 'ரிக்‌ஷா' என்று எழுதும்போது க்-கும் ஷ-வும் ஒட்டி க்ஷ ஆகாமல் தடுப்பது அந்தப் பிரிப்பான்தான்.

பிடிஎஃப்-இல் இருந்து நகலெடுத்து ஒட்டிய உரை தனி ரகம். அங்கே பல நேரம் கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியும் வரிசையில். அதை நார்மலைஸ் தொடவே தொடாது. அப்படிப்பட்ட தரவு வந்தால் நான் கையால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன், தானாகத் திருத்தப் போய் பட்ட பாடு போதும்.

தேடலில் கடைசியாக, மேலே சொன்ன அந்தத் தலைகீழ் ஏற்பாடு. 'கம' என்று தட்டினால் 'கமலா'வும் கிடைக்கும், 'கம்பன்' என்பதும் கிடைக்கும். ஏனென்றால் ம்-இன் உள்ளே ம இருக்கிறது. தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் பெட்டியில் இது வரம். ஆள் இன்னும் புள்ளி வைக்கவில்லை, பாதி எழுத்தில் இருக்கிறார், கம்பனைக் காட்டினால் மகிழ்வார். ஆனால் கிடைத்த பகுதியை மஞ்சள் பூசிக் காட்டப் போனால் 'மார்க்' ஒட்டு ம-வுக்கும் புள்ளிக்கும் நடுவில் விழும். சில நேரம் புள்ளி தனியாகக் கழன்று வட்டத்தோடு நிற்கும். பொருத்தம் முடியும் இடத்துக்கு அடுத்த குறியெண் 'மார்க்' வகையாக இருந்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொள் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் தீர்ந்தது.

வரிசை

உறுப்பினர் பட்டியலை வெறும் 'சார்ட்' கொடுத்து அடுக்கியிருந்தேன். கனி, கபிலன், கமலா, கற்பகம், கலா, கவிதா என்று வந்தது. பார்க்க அகரவரிசை மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. யூனிகோட் தொகுதியில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ச-வை அடுத்து ஜ என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். நமக்கோ ற-வும் ன-வும் மெய் வரிசையின் கடைசி. கபிலன், கமலா, கலா, கவிதா, கற்பகம், கனி என்றுதான் வர வேண்டும். முதலில் வந்த கனி உண்மையில் கடைசி ஆள்.

ஒப்பிடும் செயற்கூறாக 'இன்ட்டில்.கொலேட்டர்' கொடுத்து மொழி தமிழ் என்று சொன்னால் இந்த வரிசை சரியாகிவிடும். நோடில் 13-ஆம் பதிப்பில் இருந்து எல்லா மொழித் தரவும் உள்ளேயே வருகிறது. அதைவிடப் பழையதில் ஓட்டினால் தமிழைக் கேட்டும் கேட்காதது மாதிரி இருக்கலாம். தரவுத்தளத்திலேயே அடுக்குவதென்றால் போஸ்ட்கிரஸ் 10 முதல் ஐசியு வரிசைமுறைகள் இருக்கின்றன. எஸ்க்யூலைட் எதுவும் சொல்லாவிட்டால் பைட் வரிசைதான். மெய்யெழுத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். தமிழ் லெக்சிகன் போன்ற அகராதிகளில் க் முந்தி, க பிந்தி. அதாவது 'அக்கா'வுக்குப் பின்னால்தான் 'அகம்'. குறியெண் வரிசையில் புள்ளியின் எண் பெரியது என்பதால் இது மாறி வரும்.

இப்போது நான் எழுதும் எந்தத் தளத்திலும் சோதனைக் கோப்பில் ஒரு கைப்பிடிச் சொற்களை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். முத்துலட்சுமி, இரண்டு விதமாகச் சேமித்த பொன்னி, கௌரியும் கெளரியும், தெளிவு, இரண்டு ஸ்ரீ, ரிக்‌ஷா, கம்பன், கனியும் கபிலனும், அக்காவும் அகமும். படிவம், தேடல், வரிசை, அச்சு எல்லாவற்றிலும் இவற்றை ஒரு சுற்று ஓட்டிய பிறகே அடுத்த வேலை.

டீச்சருக்குப் புது அட்டை கொடுத்தாயிற்று. வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். "இப்ப நான்தான்" என்றார். அப்புறம் பட்டியலைப் புரட்டி, "இந்தப் பொண்ணு பேரை லக்ஷ்மின்னு போட்டிருக்கியே, இதுல எத்தனை எழுத்துன்னு உன் மெஷின் சொல்லுது?" என்று கேட்டார். கணினியில் போட்டுப் பார்த்தேன். செக்மென்டர் ல, க், ஷ், மி என்று நாலு என்றது. கண்ணுக்கு மூன்றுதான் தெரிகிறது. க்ஷ ஒட்டிய எழுத்து என்பதைத் தமிழ் விஷயத்தில் அது கணக்கில் எடுப்பதில்லை. வெறும் 'க்' துண்டும் அடுத்து ஷ-வில் தொடங்கும் துண்டும் வந்தால் இரண்டையும் சேர்த்துவிடு என்று மூன்று வரி எழுதினேன். பிரிப்பான் போட்ட ரிக்‌ஷா அதில் மாட்டாது, அதன் துண்டில் பிரிப்பானும் ஒட்டியிருக்கும். ஸ்ரீ-க்கும் இதே மாதிரி செய்ய வேண்டும். அது இன்னும் பாக்கி.